சுபேதார் சொன்ன முதல் பதில்

வியாழக்கிழமை காலை எட்டு மணி சுமாருக்குச் செகந்திராபாத் நிலையத்தில் இறங்கும்போது நான் சண்டை போடுகிற மனநிலையில் இருந்தேன். சென்னையிலிருந்து எழுநூறு கிலோமீட்டரும் மேல் பெர்த்காரர் விட்ட குறட்டையில் கழிந்தது ஒரு காரணம். பெரிய காரணம், நான் ஒரு பொய்யரைப் பிடிக்க வந்திருந்தேன்.

விஷயம் இதுதான். சென்னையில் ஒரு சிறிய அறக்கட்டளைக்குப் புள்ளிவிவரம் பார்த்துக் கொடுப்பது என் வேலை. ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற தமிழர்களின் உடல்நலத்தைப் பற்றி நாலைந்து ஊர்களில் கணக்கெடுத்தோம். எந்த ஊரில் நோய் அதிகமோ அந்த ஊருக்கு அறக்கட்டளையின் மருத்துவ வண்டி போகும். கேள்விகள் எளிமையானவை. பொதுவாக உங்கள் உடல்நலம் எப்படி? மிக நன்று, நன்று, சுமார், மோசம். அப்புறம் சர்க்கரை, நெஞ்சு வலி, காது, தூக்கம் என்று ஒவ்வொன்றாகப் போகும். சென்னையில் இதைக் கேட்டால் தன் முழங்காலில் ஆரம்பித்து மச்சினரின் முழங்கால்வரை சொல்லி முடித்த பிறகுதான் காபியே வரும். ஐதராபாத்திலிருந்து வந்த விவரத்திலோ அத்தனை பேரும் ‘மிக நன்று’. எழுபதைத் தாண்டியவர்களுக்குச் சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தம் இல்லை, ராத்திரி ஒரு தடவைகூட எழுந்திருக்க வேண்டியதில்லை. எங்கள் தொழிலில் இதற்கு ஒரே அர்த்தம்தான். கணக்கெடுத்தவர் யார் வீட்டுப் படியும் ஏறவில்லை, டீக்கடையில் உட்கார்ந்து தானே நிரப்பிவிட்டார்.

நான் சந்தேகப்பட்ட அந்த மனிதர் பிரகாஷ், நிலையத்து வாசலில் எனக்கென்று இன்னொரு ஹெல்மெட்டோடு நின்றுகொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். தாத்தா காலத்தில் ரயில்வே பட்டறை வேலைக்காக அரக்கோணத்திலிருந்து வந்த குடும்பம். அவர் பேசும் தமிழில் பாதிக்குப் பாதி இந்த ஊர் கலந்திருந்தது. எதிரே இருந்த கடையில் இட்லி சாப்பிட்டோம். தட்டு ஐம்பது ரூபாய், வேர்க்கடலைச் சட்னியும் காரமான இஞ்சிச் சட்னியும். முதல் இட்லி முடிவதற்குள் நான் நேராகவே கேட்டுவிட்டேன், வீடுகளுக்குப் போனாரா இல்லையா என்று.

“வீட்டுக்குப் போகல மேடம், ஹவ்” என்று உடனே ஒப்புக்கொண்டார். “ஆனா நானா எதையும் எழுதல. அவங்க வாயால சொன்னதுதான். மாசம் ஒரு ஞாயித்துக்கெழமை குஷாய்குடா ஹால்ல எல்லாரும் கூடுவாங்க. ஒரே எடத்துல கிடைக்கிறப்ப கைக்கு வீடு வீடா அலையணும்னு அங்கயே கேட்டுட்டேன்.”

‘ஹவ்’ என்றால் ‘ஆமாம்’, ‘கைக்கு’ என்றால் ‘எதற்கு’ என்று பிறகுதான் புரிந்தது. அவர் சொன்னதில் எனக்கு ஒரு சொல்லும் நம்பிக்கையில்லை. திருட்டு மாட்டிக்கொண்டால் எல்லோரும் இப்படி ஒரு ஹாலைத்தான் கண்டுபிடிப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பையில் ரத்த அழுத்தக் கருவி, சர்க்கரை பார்க்கும் கருவி, நடையை அளக்க ஒரு நாடா எல்லாம் வைத்திருந்தேன். விவரத்தில் உள்ளவர்களில் சிலரை வீட்டிலேயே பார்த்து மறுபடி சோதிப்பது என் திட்டம். முதலில் மல்லாபூர் போகச் சொன்னேன். அங்கே ஏழுமலை என்ற ஓய்வு பெற்ற ஹவில்தார் இருந்தார். அவருடைய பதில்கள் எல்லாமே ‘மிக நன்று’, ‘இல்லை’, ‘இல்லை’, ‘இல்லை’.

பிரகாஷின் ஸ்கூட்டரில் தார்நாகா, ஹப்சிகுடா, நாச்சாரம் வழியாக ஒன்பது கிலோமீட்டர். தலைக்கு மேலே மெட்ரோ குளுகுளுவென்று போய்க்கொண்டிருக்க, கீழே நாங்கள் லாரிப் புகையைக் குடித்தோம். நாச்சாரத்தைத் தாண்டியதும் தொழிற்சாலைச் சுவர்கள் ஆரம்பித்தன. ஷிப்டு முடிந்தவர்கள் டிபன் கேரியரோடு தெருவை அடைத்து நடந்தார்கள். அந்தக் கூட்டத்தில் நுழைந்து இரண்டு சந்து திரும்பினால் ஏழுமலையின் வீடு.

கதவு திறந்திருந்தது. கூடத்தில் ஹவில்தார் ஏழுமலை சீருடையில், மாலை போட்ட படமாக மாட்டப்பட்டிருந்தார். காலையில் மாற்றிய பூ, இன்னும் வாடவில்லை. நான் கையில் ரத்த அழுத்தக் கருவியோடு வாசலிலேயே நின்றுவிட்டேன். பிரகாஷுக்கும் தெரிந்திருக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தபோதே அது தெரிந்தது. கணக்கெடுத்து முழுசாக இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

அவர் மனைவி வசந்தா எங்களை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். குடியாத்தம் பக்கத்துப் பேச்சு, இத்தனை வருஷம் ஐதராபாத்தில் இருந்தும் மாறவில்லை. மூன்று வாரத்துக்கு முன் கடைக்குப் போன இடத்தில் நெஞ்சு வலி வந்து விழுந்தாராம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டாராம். திடீரென்று வந்த வலியா என்று கேட்டேன். இல்லை என்றார். மாதக்கணக்கில் மாடிப்படி ஏறும்போதெல்லாம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாராம். வசந்தாவைத் தவிர யாருக்கும் தெரியக்கூடாது என்று உத்தரவாம்.

அப்படியானால் எங்கள் ஆள் கேட்டபோது ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். வசந்தா பிரகாஷைக் காட்டினார்.

“இந்தத் தம்பிதான் ஹால்ல கேட்டுச்சு. நான் பின்னால பொம்பளைங்களோட ஒக்காந்துகினு இருந்தேன். வூட்டுக்கு வந்து, ஏன்யா, கேட்டப்ப சொல்லக்கூடாதான்னேன். ‘சுபேதார் சாப் வெரி குட்னு சொன்னப்புறம் நான் எழுந்து நெஞ்சு வலின்னு சொல்றதா’ன்னாரு.”

வெளியே வந்து ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றுகொண்டு, அன்று நடந்ததை முழுக்கச் சொல்லச் சொன்னேன். பிரகாஷ் சொன்னார். ஹாலில் நாற்காலிகள் எப்போதும் பதவி வரிசைப்படிதான் போடப்படுமாம். ஓய்வு பெற்று இருபது வருஷம் ஆனாலும் சுபேதார் முதலில், அடுத்து நாயப் சுபேதார், பிறகு ஹவில்தார்கள், கடைசியில் சிப்பாய்கள். யாரும் சொல்லி அப்படி உட்காருவதில்லை, அப்படித்தான் உட்காருவார்கள். பிரகாஷ் முதல் கேள்வியை வாசித்ததும் சுபேதார் ராஜமாணிக்கம் எழுந்து நின்று ‘வெரி குட்’ என்றார். அவர் உட்கார்ந்ததும் அடுத்தவர் எழுந்து ‘வெரி குட்’. அப்படியே கடைசி நாற்காலிவரை போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் வருகைப்பதிவு எடுப்பது போல இருந்தது என்றார் பிரகாஷ். அவருக்கு வேலை சீக்கிரம் முடிந்த சந்தோஷம்.

நான் பொய்யரைப் பிடிக்க வந்தவள். பிரகாஷ் ஒரு சொல்லைக்கூட மாற்றி எழுதவில்லை. கேட்டதைக் கேட்டபடி எழுதியிருக்கிறார், சொன்னவர்கள் சொன்னபடி. இருபது வருஷமாக இந்த வேலை பார்க்கிறேன், தனித்தனியாகக் கேட்க வேண்டும் என்பது பால பாடம். ஆனால் நோயைச் சொல்வதற்குக்கூட மேலதிகாரி முதலில் சொல்லியாக வேண்டும் என்று எந்தப் பாடத்திலும் நான் படித்ததில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஒரு ஆட்டோ பிடித்துக் குஷாய்குடா போனேன். பன்னிரண்டு கிலோமீட்டருக்கு முன்னூறு கேட்டவர், நான் ஸ்டாண்டை விட்டு நடக்க ஆரம்பித்ததும் இருநூற்றிருபதுக்கு வந்தார். பெரிய மின்னணுத் தொழிற்சாலையின் மதிலை ஒட்டி வளர்ந்த பகுதி அது. காலனி வீடுகள், அரசு ஊழியர் குடும்பங்கள், ஸ்கூல் பேருந்துகள். தமிழ்ப் பெயர்ப்பலகை வைத்த ஒரு மாவு மில்கூட இருந்தது. பிரகாஷ் முன்னாலேயே வந்து காத்திருந்தார்.

சுபேதார் ராஜமாணிக்கம் வாசலுக்கே வந்து வரவேற்றார். எழுபத்திரண்டு வயது. நிமிர்ந்த முதுகு, கத்தரித்த மீசை, இஸ்திரி போட்ட சட்டை. கறுப்பு ஷூ முகம் பார்க்கலாம் போல மின்னியது. என் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போனால், அவர் ஷூவோடு கூடத்துக்கு வந்தார். அதுவும் பளபளவென்று துடைத்த வெள்ளைத் தரை. தமிழ் வீட்டில் இப்படி ஒருவர் ஷூவோடு நடந்து நான் பார்த்ததில்லை. பட்டாளத்துக்காரர் தூங்கும்போதும் ஷூவோடுதான் தூங்குவார் போல என்று மனதுக்குள் கேலி செய்துகொண்டேன். அவர் மனைவி சரோஜா ஏனோ என் கண்ணைப் பார்க்கவேயில்லை. ஊதுபத்தி வாசனை தூக்கலாக இருந்தது. பூஜை இப்போதுதான் முடிந்திருக்கும் என்று நினைத்தேன்.

ஏழுமலையைப் பற்றி அவரே எடுத்தார். அருமையான பையன், ஒரு நோய் நொடி கிடையாது, இப்படித் திடீரென்று போய்விட்டான் என்று வருத்தப்பட்டார். வசந்தா சொன்னதை நான் சொல்லவில்லை. சொல்லும் தைரியம் வரவில்லை. வந்த வேலையைப் பார்ப்போம் என்று சர்க்கரைக் கருவியை எடுத்தேன். விரலைச் சிரித்துக்கொண்டே நீட்டினார். கருவியில் எண்ணே வரவில்லை. அளக்க முடியாத அளவுக்கு மேலே போனால் காட்டுகிற எழுத்துத்தான் வந்தது. வேறு விரலில் பார்த்தேன், அதே எழுத்து. மிஷின் ரிப்பேர் மேடம், நாலு மீட்டர் நடக்கணும்னீங்களே, அதைப் பாருங்க என்றார்.

நாடாவைத் தரையில் விரித்தேன். ஷூவைக் கழற்றிவிட்டு நடக்க வேண்டும் என்றேன். தேவையில்லை என்றார். விதி அப்படி என்றேன். அதற்குள் சமையலறை வாசலிலிருந்து சரோஜா, “கழட்டுங்க” என்றார். ஒரே சொல். சுபேதார் திரும்பிப் பார்க்காமல், ஷூவோடு அளங்க என்று எனக்கு உத்தரவிட்டு நடந்தார். என்ன நடை. கை வீசல், குதிகால் சத்தம், திரும்புகிற இடத்தில் சடக்கென்று ஒரு திருப்பம். நான் இதுவரை அளந்த எந்த எழுபது வயதுக்காரரும் அந்த வேகத்தில் நடந்ததில்லை.

திரும்பி வந்து நின்றவர் தரையைப் பார்த்தார். வெள்ளைத் தரையில், அவர் நடந்த வழி நெடுக, வலது கால் பட்ட இடத்திலெல்லாம் ஈரமாக ஒரு கறை இருந்தது.

“சரோஜா, டீ சிந்திச்சா?” என்று கேட்டார்.

நாங்கள் இன்னும் டீயே குடித்திருக்கவில்லை. சரோஜா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிரகாஷ்தான் அவரை நாற்காலியில் உட்காரவைத்து ஷூவையும் காலுறையையும் கழற்றினார். கட்டை விரலும் அடுத்த விரலும் கறுத்துப் போயிருந்தன. பாதத்தின் அடியில் ஒரு குழி. ஊதுபத்தி எதற்கு என்று அப்போது தெரிந்தது. நான் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவிட்டுத் திரும்பி வந்தேன். மூன்று மாதமாக அவரே குளியலறையைத் தாழிட்டுக்கொண்டு கழுவிக் கட்டுப் போடுகிறாராம். வேறு ஒருவருக்குத் தெரிந்தால் வீட்டைவிட்டுப் போய்விடுவேன் என்று மனைவியிடம் சொல்லி வைத்திருக்கிறார்.

அவர் முகத்தில் வலியின் சுவடே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. சர்க்கரை முற்றிக் காலில் உணர்ச்சியே போய்விட்டிருக்கிறது.

“வலிக்கல மேடம். வலிக்காதத இன்னான்னு சொல்லி சிக் ரிப்போர்ட் பண்றது?” என்றார். உடம்புக்கு முடியவில்லை என்று போய்ச் சொல்வதற்கு ராணுவத்தில் அந்தப் பெயர்.

வாடகை கார் வரவழைத்து, முன்னாள் ராணுவத்தினருக்கு இலவசமாகச் சிகிச்சை தரும் ஒரு மருத்துவமனைக்குக் கிளம்பினோம். அவருக்கு அங்கே எல்லா உரிமையும் உண்டு. பணம் கட்ட வேண்டியதில்லை, காத்திருக்க வேண்டியதில்லை. அட்டையைக் காட்டினால் போதும். அப்படியும் மருத்துவமனை வாசலில் வண்டி நின்றதும் அவர் இறங்க மறுத்துவிட்டார். வண்டியைத் திருப்பச் சொன்னார்.

“உள்ள கவுண்டர்ல ஒக்காந்துகினு இருக்கறவன் எனக்குக் கீழ இருந்தவன் மேடம். வரிசைல நிக்கிறவனுங்க பாதிப் பேர் என் ஆளுங்க. சிக் ரிப்போர்ட்னு வந்த பசங்கள எல்லார் முன்னாலயும் நிக்க வச்சு கேலி பண்ணி, கிரவுண்ட சுத்தி ஓட வச்சவன் நான். இப்ப நான் போய் அங்க நிக்கிறதா?”

சரோஜா கெஞ்சினார். பிரகாஷ் காலில் விழாத குறையாகக் கேட்டார். அவர் கார்க் கதவின் கைப்பிடியை உள்ளிருந்து பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. அந்தக் கோபத்தில்தான் சொன்னேன். ஏழுமலை திடீரென்று போகவில்லை. மாதக்கணக்கில் நெஞ்சு வலி இருந்தது. ஹாலில் கேட்டபோது சொல்லத்தான் நினைத்திருக்கிறார். சுபேதார் சாப் வெரி குட் என்று சொன்ன பிறகு தான் எப்படி வேறு சொல்வது என்று வாயை மூடிக்கொண்டார். அவர் மனைவி நேற்று என்னிடம் சொன்னது இது.

டிரைவருக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் அவர் என்ஜினை அணைத்துவிட்டார். ராஜமாணிக்கம் கைப்பிடியை விட்டார். எந்த உதவியும் கேட்காமல் இறங்கி, அந்தக் காலோடு உள்ளே நடந்து, கவுண்டரில் அட்டையை வைத்தார். அங்கே இருந்தவர் ‘சாப்’ என்று பதறி எழுந்து நின்றதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.

சனிக்கிழமை காலை முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். ஒரு வாரம் தாமதித்திருந்தால் உயிரே போயிருக்கும் என்றார் டாக்டர். இப்படி வருகிறவர்களில் அவர் முதல் ஆள் இல்லையாம். அதை அவர் சாதாரணமாகச் சொன்னார். எனக்குத்தான் சாதாரணமாகக் கேட்டுக்கொள்ள முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாதாந்தரக் கூட்டம். ராமச்சந்திராபுரம் கனரகத் தொழிற்சாலை டவுன்ஷிப்பிலிருந்துகூட முப்பத்தைந்து கிலோமீட்டர் பேருந்து மாறி மாறி ஆட்கள் வந்திருந்தார்கள். நாற்காலிகள் பதவி வரிசைப்படியே போட்டிருந்தன. பின்னால் மனைவிமார்கள். முதல் நாற்காலி காலி. ராஜமாணிக்கம் ஆஸ்பத்திரியிலிருந்து சொல்லியனுப்பியிருந்தபடி, பிரகாஷ் தன் செல்போனில் அவரை அழைத்து மைக்குக்குப் பக்கத்தில் பிடித்தார். பிறகு அதே முதல் கேள்வியை மறுபடி வாசித்தார்.

“மோசம்” என்றது போன். குரல் தளர்ந்திருந்தது. “சர்க்கரை. நேத்து வலது கால எடுத்துட்டாங்க. போன தடவ நான் சொன்னது பொய். அடுத்தது.”

இரண்டாவது நாற்காலியிலிருந்து நாயப் சுபேதார் தனபால் எழுந்தார். அவருக்கு நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. வாயைத் திறந்தார், மூடினார், கடைசியில் பழக்கம்தான் ஜெயித்தது. ‘வெரி குட்’ என்றார்.

பின்வரிசையில் அவர் மனைவி எழுந்து நின்றார். “உக்காருங்க” என்றார். “ராத்திரி பாத்ரூம்ல விழுந்து கெடந்தது யாரு? வலது கண்ணு ரெண்டு வருஷமா தெரியாது, தம்பி. எழுதிக்கோங்க.”

தனபால் உட்காரவில்லை. நின்றபடியே ஆமாம் என்று தலையை ஆட்டினார். அதன்பிறகு வரிசை நகர்ந்தது. ஒருவருக்கு இடது காது எப்போதோ செத்துவிட்டது, உதட்டைப் பார்த்துத்தான் சமாளிக்கிறார். ஒருவர் தூங்கி வருஷக்கணக்காகிறது. கடைசி நாற்காலிகளில் ஒரு சிப்பாய், சிறுநீரில் ரத்தம் போகிறது என்று மெல்லச் சொன்னார். பின்னால் ஒரு பெண் “ஐயோ” என்று எழுந்தார். அவருக்கு அந்த நிமிஷம்தான் தெரியும். பிரகாஷ் போனை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு எழுதிக்கொண்டே இருந்தார். நான் சுவரில் சாய்ந்து நின்று அழுதேன். என் தொழிலில் பதில்களைக் கேட்டு அழுவது வழக்கமில்லை.

மாலை ரயிலுக்கு முன் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ராஜமாணிக்கம் கண்ணை மூடிப் படுத்திருந்தார். சரோஜா கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தார். மருத்துவ வண்டி குஷாய்குடாவுக்கு வரும், என் பொறுப்பு என்று சொன்னேன். சிறுநீரில் ரத்தம் என்றவரை அன்றைக்கே பிரகாஷ் டாக்டரிடம் கூட்டிப்போயிருப்பதையும் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையசைத்தார். பிறகு கண்ணைத் திறந்து, மற்றவர்கள் பதிலை மாற்றிக்கொண்டார்கள், ஏழுமலையுடையதை என்ன செய்வீர்கள் என்று கேட்டார்.

உண்மையைத்தான் சொன்னேன். இறந்துபோனவர் உயிரோடிருந்தபோது சொன்ன பதிலை நாங்கள் திருத்தக்கூடாது. அவர் மனைவி சொன்னாலும் கூடாது. அது அப்படியேதான் இருக்கும்.

“அது அவன் பதில் இல்ல மேடம்” என்றார். “என் பதில். அவன் பேர்ல எழுதிகினு போறீங்க.”

சரோஜாவின் கையைப் பிடித்துவிட்டுக் கிளம்பினேன்.

ரயிலில் எதிர் இருக்கையில் பெரம்பூர்க்காரர் ஒருவர். வண்டி நகர்வதற்குள் தன் முழங்காலைப் பற்றி ஆரம்பித்துவிட்டார். போன வாரமாக இருந்தால் போர்வையை இழுத்து மூடிக்கொண்டிருப்பேன். நல்கொண்டா வரும்வரை ஒரு விவரம் விடாமல் கேட்டேன். எங்கள் ஊரில் வலிக்கிறது என்று சொல்ல யாருடைய அனுமதியும் வேண்டாம் என்பதை நான் இத்தனை வருஷம் தொல்லை என்றே நினைத்திருந்தேன்.

அவர் படுத்த பிறகு மடிக்கணினியைத் திறந்து ஐதராபாத்தின் புதிய பதில்களைப் பதிந்தேன். ராஜமாணிக்கம், மோசம். தனபால், மோசம். ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே கீழே வந்து ஏழுமலையின் பெயரில் நின்றேன். விதி விதிதான். நான் அனுப்பப்போகிற அறிக்கையில், மல்லாபூர் ஹவில்தார் ஏழுமலை மிக நன்றாக இருக்கிறார்.